கதவைத் தூக்கும் கை யாருடையது? வீடியோ கேம்களும் மாற்றுத்திறனாளிகளும்

#1 கீழைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வீடியோ கேம்களில் மாற்றுத்திறனாளிகள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதையும், அந்த விளையாட்டுகளை அவர்களால் ஆட முடிகிறதா என்பதையும் இந்தக் களத்தில் நாம் எப்போதும் இரண்டு தனிப் பேச்சுகளாகவே பேசிவந்திருக்கிறோம். முதலாவதைக் கதை விமர்சனம் என்றும் இரண்டாவதைத் தொழில்நுட்பம் என்றும் பிரித்துவைத்துவிட்டோம். சென்ற மாதம் என் வீட்டில் நடந்த ஒன்றைப் பார்த்த பிறகு அந்தப் பிரிவினையே தவறோ என்ற ஐயம் வந்துவிட்டது.

என் தம்பிக்கு 22 வயது. தசைச்சிதைவு நோய் அவனுடைய தோள், முன்கை வலுவைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டது. விரல்களில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஒரு விளையாட்டை (பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவை ஏராளம்) மிகுந்த ஆசையோடு தொடங்கினான். அதன் நாயகனுக்கு ஒரு கை கிடையாது என்பதே அந்த ஆசைக்குக் காரணம். மூன்று நாள் பொறுமையாக ஆடி, ஒரு கிடங்கின் இரும்புக் கதவு வரைக்கும் வந்துசேர்ந்தான். நாயகன் குனிந்து ஒற்றைக் கையால் கதவின் அடியைப் பற்றுகிறான். திரையில் ஒரு பொத்தானின் படம் துடிக்கிறது. அதைப் படபடவென்று விடாமல் தட்டினால்தான் கதவு மேலே ஏறும். தம்பியின் கட்டைவிரல் நொடிக்கு இரண்டு முறை தட்டும், அதற்கு மேல் தட்டாது. கதவு ஒரு சாண் ஏறும், பிறகு இறங்கிவிடும். பதினோராவது முறை கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "அவனுக்கு ஒரு கை போதுமாம், எனக்கு மட்டும் இரண்டும் நன்றாக இருக்க வேண்டுமாம்" என்றான்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் எனக்கு நினைவுக்கு வருகிறது. 2010இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2 விளையாட்டில், எலும்புகள் எளிதில் முறியும் நோயுடைய விமானி ஜோக்கரை ஓரிடத்தில் நாமே இயக்க வேண்டும். கப்பலுக்குள் எதிரிகள் புகுந்துவிட்டார்கள். மற்ற நேரமெல்லாம் துப்பாக்கியோடு ஓடிப் பழகிய நம் விரல், அந்தச் சில நிமிடங்களில் கன்ட்ரோலரின் குச்சியை எவ்வளவு தள்ளினாலும் அவர் நொண்டிக்கொண்டுதான் நடப்பார். அவருடைய நோயைப் பற்றி அதுவரை கேட்ட உரையாடல்கள் சொல்லாத ஒன்றை அந்த நடை சொல்லிவிடும். அப்படியானால், ஒரு விளையாட்டில் பாத்திரம் என்பது அதன் உருவத்திலும் வசனத்திலும் இருப்பதைக் காட்டிலும் நம் கைக்கு அது எப்படி வந்துசேர்கிறது என்பதில்தானே கூடுதலாக இருக்கிறது? அந்தக் கைக்கே வராத பாத்திரத்தை, அதுவும் மாற்றுத்திறனாளிப் பாத்திரத்தை, என்னவென்று சொல்வது? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

#2 நிரல்நெசவாளன்

கீழைக்காற்று அவர்களுக்கு: தம்பி சொன்ன சொல்லை எங்கள் அலுவலகத்துச் சுவரில் எழுதி ஒட்டலாம். நான் சிறிய விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுபவன் என்பதால் அந்தக் கதவின் உள்பக்கத்தைச் சொல்கிறேன். உள்ளே ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் அது கொஞ்சம் கூடும், தட்டாத நேரமெல்லாம் தானாகக் குறையும், ஓர் எல்லையைத் தொட்டால் கதவு திறக்கும். இதை "அழுத்திப் பிடித்தால் சீராகக் கூடட்டும்" என்று மாற்றுவதற்கு ஒரு நிபந்தனையும் அமைப்புப் பட்டியலில் (செட்டிங்ஸ்) ஒரு வரியும் போதும். தொடக்கத்திலேயே நினைத்திருந்தால் அரை நாள் வேலைதான்.

2020இல் நாட்டி டாக் நிறுவனம் வெளியிட்ட த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 இதைத்தான் செய்தது. அதில் 60க்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகள், அதாவது மாற்றுத்திறனாளிகளும் ஆட வழிசெய்யும் தேர்வுகள், இருந்தன. மீண்டும் மீண்டும் தட்டுவதைப் பிடித்தலாக மாற்றுவது அவற்றில் மிக எளிய ஒன்று. பார்வையற்றவர்களுக்காகச் செய்ததுதான் பெரிய வேலை. ஒரு பொத்தானை அழுத்தினால் கதை செல்லும் திசைக்குக் கேமரா தானே திரும்பும்; தாண்ட வேண்டிய இடத்துக்கு ஓர் ஒலி, குனிய வேண்டிய இடத்துக்கு வேறோர் ஒலி; பட்டியல்களில் உள்ள எழுத்தையெல்லாம் குரல் வாசிக்கும்; அந்த ஒலிகளை முன்கூட்டியே கேட்டுப் பழக ஓர் ஒலி அகராதியும் உண்டு. குறைந்த பார்வை உடையவர்களுக்காகச் சுற்றுப்புறத்தைச் சாம்பல் நிறமாக்கி, நண்பர்களை ஒரு நிறத்திலும் எதிரிகளை வேறு நிறத்திலும் காட்டும் முறையும் இருந்தது.

இதைச் சொல்லும்போதே ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் தர வேண்டும். நான் எழுதிய முதல் விளையாட்டில் பட்டியல் எழுத்துகளையெல்லாம் அழகுக்காகப் படமாகவே வரைந்துவிட்டேன். ஒரு பார்வையற்ற நண்பர் கேட்டபோதுதான், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்காது என்பது உறைத்தது. அதைப் பிரித்தெடுத்து மாற்றுவதற்கு, விளையாட்டின் கடைசிக் கட்டத்தை உருவாக்கியதைவிட அதிக நாள் பிடித்தது.

#3 பழையகேட்ரிட்ஜ்

எல்லோரும் தலையாட்டுகிற இடத்தில் ஒருவராவது மறுத்துப் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். தம்பியின் வருத்தத்தைக் குறைத்து மதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இழையைத் தொடங்கியவரின் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் அது அவருக்கே எதிராகத் திரும்புகிறது. பாத்திரம் என்பது நம் கைக்கு வருகிற விதத்தில்தான் இருக்கிறது என்கிறார். நல்லது. அப்படியென்றால் அந்த இரும்புக் கதவில் படபடவென்று தட்டச் சொன்னது வெறும் தொல்லையாக இருக்க முடியாது. ஒற்றைக் கையுடையவன் கதவைத் தூக்கும் தவிப்பை ஆடுபவரின் கட்டைவிரலுக்குக் கொண்டுவர, படைப்பாளி தெரிந்தே கையாண்ட உத்தி அது. அதைச் சொகுசாக அழுத்திப் பிடிப்பதாக மாற்றிவிட்டால் தவிப்பு எங்கே போகும்? ஜோக்கரின் நொண்டு நடையை "வேகமாக நட" என்ற அமைப்பால் மாற்றிக்கொள்ளலாம் என்றால் நீங்கள் புகழ்ந்த காட்சியே இல்லாமல் போய்விடும் அல்லவா? 2019இல் செகிரோ என்ற கடினமான வாள்சண்டை விளையாட்டு வந்தபோது எளிய நிலை வேண்டுமா வேண்டாமா என்று உலகம் முழுவதும் நடந்த சண்டையின் வேரும் இதுதான். கடினமே பொருளாக அமைந்த படைப்புகள் உண்டு.

#4 செவிவழி

பிறவியிலேயே பார்வை இல்லாதவன் நான்; இதைத் திரைவாசிப்பானின் துணையோடு தட்டச்சிடுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்தருள்க, குரலுக்கு ர, ற வேறுபாடு தெரிவதில்லை.

முதலில் கீழைக்காற்று அவர்களுடன் ஒரு சிறு கருத்து வேறுபாடு. விளையாட்டில் என்னைப் போன்ற ஒருவனைக் காண வேண்டும் என்ற ஏக்கம் எனக்குப் பெரிதாக இருந்ததில்லை. (காண்பது என்ற சொல்லே எனக்குச் சற்று வேடிக்கைதான்.) கதைகளில் வரும் பார்வையற்றவர்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒருவர் காற்றின் அசைவை வைத்தே நாற்பது பேரை வெட்டிச் சாய்ப்பார். இன்னொருவர் குகை வாசலில் அமர்ந்து வருங்காலம் சொல்வார். இரண்டு பேரையும் எங்கள் தெருவில் நான் சந்தித்ததில்லை. எனக்குப் பார்வையற்ற நாயகன் வேண்டியதில்லை. எல்லோரும் ஆடுகிற நாயகனை எனக்கும் ஆடக் கொடுத்தால் போதும். 2023இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் கார்ப் பந்தயத்தில் பார்வையற்ற பாத்திரம் எவரும் இல்லை. ஆனால் பிராண்டன் கோல் என்ற பார்வையற்ற ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு, பாதையின் ஓரம், வரப்போகும் வளைவு, பிரேக் பிடிக்க வேண்டிய தருணம், கியர் மாற்ற வேண்டிய தருணம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலியை அமைத்திருந்தார்கள். முதல் நாள் சுவரோடுதான் ஓட்டினேன். இரண்டாம் வாரம் ஒரு வளைவில் ஒலி உயரும்போதே என் கை தானாகத் திரும்பியது. வாழ்நாளில் ஒருபோதும் கார் ஓட்ட முடியாத ஒருவனுக்கு அது என்ன என்பதை இங்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் இரண்டும் ஒன்றுசேர்ந்த ஒரு படைப்பையும் சொல்ல வேண்டும். 2021இல் கனடாவிலிருந்து வந்த த வேல் விளையாட்டின் நாயகி பார்வையற்ற இளவரசி. விளையாட்டு முழுவதும் ஒலியாலேயே நகர்கிறது. இடப்பக்கம் வாள் உறையிலிருந்து உருவப்படும் ஒலி கேட்டால் இடப்பக்கம் கேடயத்தைத் திருப்ப வேண்டும். அதில் அவளுக்கும் எனக்கும் தெரிவது ஒன்றே. இது புதிய யோசனையும் இல்லை. 1997இல் ஜப்பானின் கென்ஜி ஈனோ, படமே இல்லாத ரியல் சவுண்ட் என்ற விளையாட்டைச் சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கினார். பார்வையற்றவர்களுக்கு ஆயிரம் சாட்டர்ன் கருவிகளைச் சேகா வழங்கினால் ஆயிரம் பிரதிகளைத் தாம் வழங்குவதாகப் பேசி முடித்தார் அவர். நான் அப்போது பள்ளிச் சிறுவன். அந்த ஆயிரத்தில் ஒன்று நம் பக்கம் வந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைப்பதுண்டு.

#5 விரல்மொழி

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். செவிவழி ஐயா தம் பாத்திரம் வேண்டாம் என்கிறார். என் மாணவர்களோ அதற்கு நேர்மாறு. மாஸ் (Moss) என்ற விளையாட்டில் குவில் என்ற குட்டி எலி அமெரிக்கச் சைகைமொழியில் பேசும் காணொளியைக் காட்டியபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. எலி என்ன சொல்கிறது என்பது அவர்களுக்குப் புரியவில்லை, அது கையால் பேசுகிறது என்பதே போதுமானதாக இருந்தது. 2020இல் வந்த ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலஸில் ஹேலி என்ற காதுகேளாத ஓவியப் பெண் வருகிறாள், நாயகன் அவளோடு சைகையில்தான் பேசுகிறான். 2023இல் வந்த அடுத்த பாகத்தில் ஒரு பகுதியை அவளாகவே ஆட வேண்டும். அப்போது ஆடுபவருக்குத் தெருவின் ஓசையெல்லாம் மங்கிவிடும். ஜோக்கரின் நடைக்கு இணையான இடம் இது.

ஆனால் சைகைமொழி என்றாலே ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பதால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாட்டில் 2022இல் கதைக் காட்சிகளுக்கு அமெரிக்கச் சைகைமொழி, பிரிட்டிஷ் சைகைமொழி என்று இரண்டையும் தனித்தனியே சேர்த்தார்கள். இரு நாட்டிலும் பேச்சுமொழி ஆங்கிலமே. ஆனாலும் சைகைமொழிகள் வேறு. அமெரிக்கர் ஒரு கையால் எழுத்துக்கூட்டுவார், பிரிட்டிஷார் இரண்டு கையால். எங்கள் பிள்ளைகள் அறிந்தது இந்தியச் சைகைமொழி. அவர்களுக்கு அந்த இரண்டுமே அயல்மொழிதான். வசனவரியோ (சப்டைட்டில்) ஆங்கிலத்தில் ஓடுகிறது. ஆக, உலகமே பாராட்டிய ஏற்பாடு எங்கள் வாசலுக்கு வரும்போது இரண்டு படி குறைந்துவிடுகிறது.

வசனவரி பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது காதுகேளாதவர்களுக்கு மட்டுமான சலுகை என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017இல் அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸில் வசனவரி அணைந்த நிலையில் வந்தது. ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் தாமே தேடிச்சென்று அதை இயக்கினார்கள். அடுத்த ஆண்டு அதே வரிசையில் வந்த ஒடிசியில் தொடக்கத்திலேயே இயங்கும்படி வைத்தார்கள்; 95 விழுக்காட்டினர் அணைக்கவே இல்லை. இதை வெளியிட்டது யூபிசாஃப்ட் நிறுவனமே. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, மிக்சி ஓடுகிறது, பேச்சு வழக்குப் புரியவில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம்.

எங்கள் பள்ளியில் அதிகம் ஓடுவது மைன்கிராஃப்ட். 2016 முதல் அதில் ஓசைகளுக்கும் வசனவரி உண்டு. ஓசை எந்தப் பக்கம் என்று காட்ட வரியின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி வரும். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, தன்னார்வலர்களின் உழைப்பு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், காது கேட்கும் தன் அண்ணனோடு பக்கத்தில் அமர்ந்து ஆடினான். குகைக்குள் இருட்டு. அண்ணன் ஓசையைக் கேட்டுத் தலையைத் திருப்புவதற்குள் இவன் திரையின் மூலையில் அம்புக்குறியைப் பார்த்துத் திரும்பி வெட்டிவிட்டான். "இது கள்ளாட்டம்" என்று அண்ணன் சொன்னதை நான் சைகையில் சொன்னபோது அவன் முகத்தில் வந்த பெருமிதம் இருக்கிறதே!

#6 மழைநாள்

பழையகேட்ரிட்ஜ் அவர்களின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது, அதனால் அங்கே போகிறேன்.

மனநோயை ஆடுபவரின் உடலுக்கே கொண்டுவந்த படைப்பு என்றால் 2017இல் நிஞ்ஜா தியரி வெளியிட்ட ஹெல்பிளேடைத்தான் சொல்வேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரும், குரல்கள் கேட்கும் அனுபவமுள்ளவர்களும் உருவாக்கத்தில் உடனிருந்தார்கள். நாயகி செனுவாவின் தலைக்குள் ஒலிக்கும் குரல்கள் ஹெட்போனில் நம் தலையைச் சுற்றியே ஒலிக்கும். ஒன்று பின்னங்கழுத்தருகே ஏளனம் செய்யும், இன்னொன்று எதிரி பின்னால் வருவதை எச்சரிக்கும். சண்டையின்போது அந்தக் குரலை நம்பலாமா வேண்டாமா என்று நாமே தடுமாறுவோம். இங்கே குரல்தான் பாத்திரம். ஆனால் ஒரு காதில் மட்டும் கேட்பவருக்கு, தலையைச் சுற்றும் அந்தக் குரல் எப்படிச் சுற்றும்? ஆக, உடல்வழியே அனுபவத்தைக் கடத்துகிற ஒவ்வொரு உத்தியும், ஆடுபவரின் உடல் இப்படித்தான் இருக்கும் என்று மனத்தில் ஓர் அளவு எடுத்துக்கொண்டே தைக்கப்படுகிறது.

கதவுக்கு வருவோம். தவிப்பைக் கடத்த வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். எவ்வளவு தட்டினால் தவிப்பு என்று கணக்கிட்டபோது எந்தக் கட்டைவிரலை அளவாக வைத்தார்கள் என்பதே என் கேள்வி. உங்களுக்கு நொடிக்கு எட்டுத் தட்டல் தவிப்பு. கீழைக்காற்றின் தம்பிக்கு நான்கு நொடி தளராமல் அழுத்திப் பிடிப்பதே அதே தவிப்பு, ஒருவேளை கூடுதலாகவும் இருக்கலாம். அமைப்பை மாற்றினால் அவருக்குச் சொகுசு வந்துவிடாது. உங்களுக்கு எந்த அளவு தவிப்பு கிடைத்ததோ அதே அளவு அவருக்கும் கிடைக்கும். மாற்றாமல் விட்டால் அவருக்குக் கிடைப்பது தவிப்பு அன்று, மூடிய கதவு.

ஜோக்கரின் நடைக்கும் இதுவே விடை. அந்த நடையின் மெதுவைத் தொட வேண்டியதில்லை. குச்சியைத் தள்ள முடியாதவருக்கு வேறு எதனாலாவது அதே மெதுவான நடையை நடக்க வழி இருந்தால் போதும்.

#7 பழையகேட்ரிட்ஜ்

கட்டைவிரல் அளவு பற்றிய வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒத்துக்கொள்கிறேன். செகிரோவைப் பற்றிய என் கருத்து மட்டும் இன்னும் மாறவில்லை. வாளைத் தடுக்க வேண்டிய கணத்தைத் தளர்த்தினால் அது வேறு விளையாட்டு.

#8 நிரல்நெசவாளன்

வேறு விளையாட்டுதான், ஆனால் அது யாருடைய திரையில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2018இல் வந்த செலஸ்ட், பதற்ற நோயோடு போராடும் ஒரு பெண் மலையேறும் கதை, கடினத்துக்கும் பெயர்பெற்றது. அதன் உதவி முறையில் விளையாட்டின் வேகத்தைப் பத்துப் பத்து விழுக்காடாகப் பாதி வரை குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலும் இருக்கலாம். அந்த முறையை இயக்கும்போது வரும் அறிவிப்பில், கடினம் இந்த அனுபவத்துக்கு இன்றியமையாதது, முதல்முறை உதவியின்றி ஆடுவதையே பரிந்துரைக்கிறோம் என்ற தொனி முதலில் இருந்தது. மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, 2019இல் அந்த வரிகளைத் திருத்தி எழுதினார்கள். நிரலில் மாற்றம் எதுவும் இல்லை. வாசலில் நின்று "நீ உண்மையான விருந்தாளி இல்லை" என்று முணுமுணுத்த வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் செலஸ்ட் ஒரு துளியும் எளிதாகிவிடவில்லை.

கீழைக்காற்று, தம்பிக்காக எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரைப் பார்த்தீர்களா? 2018இல் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பெரிய பொத்தான்கள். பின்புறம் வரிசையாக 19 துளைகள், ஒவ்வொன்றும் பழைய ஹெட்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் அளவு. எந்தத் துளையில் எந்தச் சுவிட்சைச் செருகுகிறோமோ அது அந்தப் பொத்தானாகிவிடும். அமெரிக்காவில் 99.99 டாலர் என்று வந்தது. அதற்கென்றே விற்கப்படும் சுவிட்சுகளின் விலைதான் வயிற்றைக் கலக்கும்.

#9 கீழைக்காற்று

பதில் தர ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நிரல்நெசவாளன் சொன்ன கருவியை அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்தார். சுவிட்சுகளை நாங்களே செய்தோம். முதலில் காலிங் பெல் பொத்தானை 3.5 மில்லிமீட்டர் பிளக்கோடு பற்றவைத்தேன். அதன் சுருள்வில் தம்பிக்கு மிகவும் கடினமாக இருந்தது. பிறகு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், நாக்கு நீட்டிய மைக்ரோசுவிட்சுகளை ஒரு கைப்பிடி வாங்கிவந்தேன். தகர நாக்கின் மேல் சிறிய மரக்குச்சியை ஒட்டி நீட்டியதும் விரலின் எடை பட்டாலே "டிக்" என்கிறது. இரண்டை நாற்காலியின் கைப்பிடியிலும் ஒன்றைத் தலைச்சாய்வின் பக்கத்திலும் பொருத்தியிருக்கிறோம். தலைப்பக்கச் சுவிட்சைச் சுடுவதற்கு வைத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் நின்று பார்த்தால் எதிரிகளைத் தலையசைத்து மறுப்பதுபோலவே இருக்கிறது.

கதவைப் பற்றிக் கேட்பீர்கள். கருவி மாறினாலும் விளையாட்டு தட்டச் சொல்வது மாறவில்லை. எக்ஸ்பாக்ஸில் இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாக எண்ணும் வசதி ஒன்று இருக்கிறது. அதை இயக்கி அவன் நாயகனை நகர்த்த, நான் பக்கத்தில் அமர்ந்து தட்டினேன். இரண்டு நொடியில் கதவு ஏறிவிட்டது. அவன் உடனே நிறுத்திவிட்டு, முன்பு சேமித்த இடத்துக்கே, கதவு மூடியிருக்கும் இடத்துக்கே திரும்பிப் போனான். "நீ தூக்கியது கணக்கில் சேராது" என்றான்.

இப்போது செலஸ்ட் ஆடுகிறான், வேகம் 70 விழுக்காடு. அந்த இன்னொரு விளையாட்டை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறான். அதற்குப் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, அமைப்புப் பட்டியலில் அந்த ஒரு வரி வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்கிறான். நேற்றும் பார்த்தோம், வரவில்லை.